சிறு விமானத்தின் புரொப்பெல்லர் கசிந்தால்: இடம் கண்டுபிடிப்பதிலிருந்து திரும்ப மாட்டும் வரை

மதுரை விமான நிலையத்தில் நின்றிருந்த ஒற்றை என்ஜின் விமானம் ஒன்றின் புரொப்பெல்லர் கசியத் தொடங்கியதிலிருந்து, அதைக் கழற்றி அனுப்பி, திரும்ப வரவழைத்து மாட்டும் வரை முழு அலைச்சலையும் பட்டவன் நான். ஸ்பேனர் பிடித்த நேரம் மிகக் குறைவு. காகிதம் தேடியதும், பெட்டி செய்ய ஆள் பிடித்ததும், பழுதுநீக்கு நிலையம் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதியதும்தான் நாட்களைத் தின்றன. அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

மதுரை, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) படிப்பு முடித்து, சிறு விமானப் பராமரிப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளை மனத்தில் வைத்திருக்கிறேன். சொந்தமாகச் சிறு விமானம் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும். பிஸ்டன் என்ஜினில் மாட்டிய ஹார்ட்ஸெல், மெக்காலே வகை உலோகப் புரொப்பெல்லர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். சென்னையிலிருந்து வந்து போகும் ஏ.டி.ஆர். 72-600 விமானத்தின் ஆறு பிளேடு புரொப்பெல்லர் வேறு உலகம். நான் தரும் அளவுகள் எதுவும் உங்கள் புரொப்பெல்லரின் கையேட்டை மீறாது. கையேடு வேறு சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

1. உள்ளே ஓடுவது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பிளேடுகளின் கோணத்தை மாற்றிச் சுழற்சி வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கான்ஸ்டன்ட் ஸ்பீடு புரொப்பெல்லருக்குள் ஒன்றோடொன்று சேரக் கூடாத இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று என்ஜின் ஆயில். கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதை எடுத்து, சதுர அங்குலத்துக்குச் சுமார் 300 பவுண்டு வரை அழுத்தம் ஏற்றி, உள்ளீடற்ற கிராங்க் ஷாஃப்ட் வழியாக ஹப்பின் (பிளேடுகளைப் பிடித்திருக்கும் நடுப்பகுதி) முன்னாலுள்ள சிலிண்டருக்கு அனுப்புகிறது. அங்குள்ள பிஸ்டன் நகர்ந்து பிளேடுகளின் கோணத்தை மாற்றுகிறது. மற்றொன்று கிரீஸ். பிளேடுகளின் அடிப்பகுதி ஹப்புக்குள் உட்காரும் பேரிங்குகளுக்கானது.

மெக்காலே புரொப்பெல்லர்களில் சில மாடல்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. ஹப்புக்குள்ளேயே சிவப்புச் சாயம் கலந்த ஆயிலை நிரப்பி மூடியிருப்பார்கள். ஹப்பில் விரிசல் விட்டாலோ சீல் போனாலோ அந்தச் சிவப்பு வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். உங்களுடையது அந்த வகையா என்பதை இன்றே லாக் புக்கில் (பராமரிப்புப் பதிவேடு) பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கசிந்த பிறகு தேடினால் பதற்றத்தில் கண்ணில் படாது.

கிரீஸ் கசிவும் ஆயில் கசிவும் ஒரே அளவு அபாயமல்ல. அழுத்தம் ஏறிய என்ஜின் ஆயில் புரொப்பெல்லர் வழியாக வெளியேறினால் என்ஜினே வறண்டுபோகும். சாதாரண ஒற்றை என்ஜின் விமானங்களில் ஆயில் அழுத்தம் போனால் பிளேடுகள் குறைந்த கோணத்துக்குத் திரும்பி, சுழற்சி வேகம் எகிறும். ஃபெதரிங் வசதியுள்ள இரட்டை என்ஜின் விமானங்களில் நேர் எதிராக, பிளேடுகள் காற்றுக்கு விளிம்பு காட்டி நின்றுவிடும்.

2. கை வைப்பதற்கு முன்

மேக்னெட்டோ (என்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சாவி வெளியே, மிக்ஸ்சர் (எரிபொருள் கலவை) லீவர் கட்-ஆஃப் நிலையில், எரிபொருள் வால்வு மூடியபடி. இத்தனைக்கும் பிறகும், புரொப்பெல்லர் எந்த நொடியும் சுற்றக்கூடும் என்ற எண்ணத்தோடே நில்லுங்கள். ஒரு மேக்னெட்டோவின் தரைக் கம்பி அறுந்திருந்தால் போதும், சாவி வெளியே இருந்தாலும் கையால் திருப்பும்போது என்ஜின் ஒரு சுற்று உதைக்கும். பிளேடு சுற்றும் தளத்துக்குள் தலையை நீட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

3. கசிவது எது, எங்கிருந்து?

மற்ற எல்லாப் படிகளும் இதை ஒட்டியே அமைகின்றன. அவசரப்படாதீர்கள்.

கசிவைப் பார்த்ததும் கை தன்னால் காட்டன் வேஸ்ட்டை எடுக்கும். எடுக்காதீர்கள். முதலில் படம் எடுங்கள். ஒவ்வொரு பிளேடும் தனித்தனியாக, முன்பக்கம், பின்பக்கம். ஸ்பின்னரின் (ஹப்பை மூடும் கூம்பு) வெளிப்புறம். கௌலிங்கின் (என்ஜினை மூடும் தகடு) மேல், கீழ். கண்ணாடி. பிளேடுகளுக்கு எண் கொடுத்து, எது எந்தப் பிளேடு என்பது படத்திலேயே தெரியும்படி ஒரு சீட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். பழுதுநீக்கு நிலையம் முதலில் கேட்பது இந்தப் படங்களைத்தான்.

பிறகு தொட்டுப் பாருங்கள். என்ஜின் ஆயில் நீர்த்திருக்கும். சில மணி நேரம் ஓடியதென்றால் கறுத்திருக்கும். கிரீஸ் விரலில் திரண்டு நிற்கும். ஆனால் மதுரை வெயில் இங்கே குழப்பம் செய்கிறது. சித்திரை, வைகாசியில் ஏப்ரனில் (விமானம் நிறுத்தும் தளம்) நாள் முழுதும் நின்ற விமானத்தில், ஊறுகாய் ஜாடியின் மேல் எண்ணெய் மிதப்பதைப் போல, கிரீஸிலிருந்து எண்ணெய் மட்டும் பிரிந்து மெல்லிய கோடாக வழியும். பார்ப்பவர் உடனே ஆயில் கசிவு என்று எழுதிவிடுவார். நிறத்தைப் பாருங்கள். கிரீஸிலிருந்து பிரிந்த எண்ணெய் தெளிவாக இருக்கும், என்ஜினில் ஓடிய ஆயிலின் கறுப்பும் புகை வாடையும் அதில் இருக்காது.

சிவப்பிலும் ஒரு குழப்பம் உண்டு. ஆடிக் காற்றில் வரும் செம்மண் புழுதி, பிளேடின் அடியில் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தில் ஒட்டினால், மெக்காலே சாய ஆயில் கசிந்தது போலவே தோன்றும். வெள்ளைத் துணியில் ஒற்றி எடுங்கள். சாய ஆயில் என்றால் துணியில் இளஞ்சிவப்பாகப் பரவும். புழுதி என்றால் நடுவில் நறநறவென்று மண் நிற்கும், சுற்றிலும் நிறமற்ற எண்ணெய் வட்டம் விரியும். பிரேக்குக்கு ஊற்றும் ஹைட்ராலிக் ஆயிலும் சிவப்புதான். அண்மையில் யாராவது அதை மூக்குப் பக்கம் சிந்தினார்களா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கோடுகளைப் படிப்பது. சுழலும்போது எதுவும் வெளிநோக்கித்தான் வீசப்படும். ஆகவே கோடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள், எங்கே முடிகிறது என்பதில் பயனில்லை.

ஒரே ஒரு பிளேடின் அடியிலிருந்து நுனி நோக்கிக் கிரீஸ் கோடு ஓடினால், அந்தப் பிளேடின் சீல் மீது சந்தேகம் வையுங்கள். எல்லாப் பிளேடுகளிலும் ஒரே மாதிரி, அதுவும் கிரீஸ் போட்ட சில நாட்களுக்குள் வந்தால், அளவுக்கு மேல் கிரீஸ் ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். ஒரே இடத்திலிருந்து சிறு புள்ளியாகக் கிளம்பினால் கிரீஸ் நிப்பிளைப் பாருங்கள். உள்ளேயிருக்கும் குண்டு சரியாக மூடாவிட்டால் அங்கிருந்தே வீசும். நிப்பிள் மாற்றினால் தீர்ந்துபோகிற விஷயத்துக்குப் புரொப்பெல்லரையே கழற்றுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்பின்னரைக் கழற்றிய பிறகு, அதன் உட்புறம் முழுதும் ஆயில் தெறித்திருந்தால் சிலிண்டர் பக்கச் சீலோ பிஸ்டன் பக்கச் சீலோ காரணமாக இருக்கலாம். ஸ்பின்னருக்குள் காய்ந்திருந்து, பின்னால் கௌலிங்கிலும் அடிவயிற்றிலும் மட்டும் ஆயில் இருந்தால் புரொப்பெல்லரைக் குறை சொல்லாதீர்கள். கிராங்க் ஷாஃப்ட்டின் முன் சீலாக இருக்கலாம், கவர்னர் அடியிலுள்ள கேஸ்கெட்டாக இருக்கலாம். முன் சீல் என்றால் என்ஜினின் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே அழுத்தம் கூடி அது சீலை வெளியே தள்ளும். குழாயைச் சுத்தம் செய்யாமல் புதுச் சீல் போட்டால் அதுவும் வெளியே வரும்.

ஹப்புக்கும் என்ஜின் ஃபிளேஞ்சுக்கும் (புரொப்பெல்லரை மாட்டும் விளிம்புத் தட்டு) நடுவில் ஓர் ஓ-ரிங் இருக்கிறது. அங்கிருந்து கசிந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஹார்ட்ஸெல் கையேட்டின்படி, புரொப்பெல்லரின் ஆயில் கசிவுகளில் களத்திலேயே சரிசெய்ய அனுமதிக்கப்பட்டது அது ஒன்றுதான். அதன் மற்ற ஆயில் கசிவுகள் எல்லாம் அங்கீகாரம் பெற்ற புரொப்பெல்லர் நிலையத்துக்குப் போக வேண்டும்.

கடைசியாக, எந்த இணைப்பும் இல்லாத, திடமாகத் தெரிகிற உலோகப் பரப்பிலிருந்து கிரீஸோ ஆயிலோ ஊறுவதாகத் தோன்றினால், அதை விரிசல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிளேடைப் பிடித்து வைத்திருக்கும் ஹப் பகுதியில் டார்ச் அடித்து, கண்ணாடி வைத்து, நிதானமாகப் பாருங்கள். பிளேடு ஒன்று கழன்றால் அந்த அதிர்வில் என்ஜினே பெயர்ந்துவிடும். விரிசல் சந்தேகத்தோடு ஒரு சுற்றுகூட ஓட்டக் கூடாது.

4. துடைத்து, பொடி தூவி, ஓட்டிப் பாருங்கள்

இடம் தெளிவாகத் தெரியாவிட்டால், விரிசல் சந்தேகமும் இல்லாவிட்டால், எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி கசிய விடுங்கள். கையேடு அனுமதிக்கும் கரைப்பானைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். நேரடியாகப் பீய்ச்ச வேண்டாம், சீலுக்குள் போய்விடும். அதிவேகத் தண்ணீர் பம்பு அறவே கூடாது. பைக் கழுவும் கடையில் பயன்படுத்துவதைக் கொண்டுவந்து ஹப்பில் அடித்தால், சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்ப் பேரிங் துருப்பிடிக்கும்.

நன்றாகக் காய்ந்ததும், விரிசல் சோதனைக் கிட்டில் வரும் வெள்ளை டெவலப்பரை இணைப்புகளைச் சுற்றி மெல்லிய படலமாக அடியுங்கள். அது இல்லாவிட்டால் முகத்துக்குப் போடும் பவுடரே போதும். கசிவு கிளம்பும் இடம் வெள்ளையில் ஈரமாகத் தெரியும்.

பிறகு தரையில் ஓட்ட வேண்டும். மதுரையில் ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. ஏப்ரனில் என்ஜின் ஓட்டுவதற்கு முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், பயணி விமானங்கள் வந்து போகும் நேரத்தில் கிடைக்காது. காலையில் கேட்டு மதியம் கிடைத்தால் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதமென்றால் மூக்கை மேற்கே திருப்பி நிறுத்துங்கள், பின்காற்றில் ஓட்டினால் புழுதிதான் பொடியில் ஒட்டும். ஸ்பின்னர் இல்லாமல் ஓட்டலாமா என்பதை விமானக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயில் சூடேறும் வரை காத்திருங்கள். சூடேறிய பின், விமானக் கையேடு சொல்லும் வேகத்தில், புரொப்பெல்லர் லீவரை மூன்று முறை பின்னிழுத்து முன்தள்ளுங்கள். குளிர்ந்த ஆயிலோடு சும்மா ஓட்டிவிட்டு "கசிவில்லை" என்று எழுதுவது வீண், அழுத்தம் ஏறி பிஸ்டன் நகரும்போதுதான் பல சீல்கள் விடும். நிறுத்தியதும் உடனே ஒரு படம், அரைமணி நேரம் கழித்து இன்னொரு படம். முடிந்ததும் பொடியை முழுதாகத் துடைத்துவிடுங்கள்.

5. பறக்கலாமா?

இதைத் தீர்மானிக்க வேண்டியவர் உரிமம் பெற்ற ஏ.எம்.இ. பிஸ்டன் விமானமென்றால் பி1.2 பிரிவு உரிமமும் அந்த விமானத்துக்கான தகுதியும் இருக்க வேண்டும். டெக்னீஷியனாக நீங்கள் செய்ய வேண்டியது, அவர் சரியாகத் தீர்மானிப்பதற்கான தகவலைத் தருவது.

புதிதாகவோ, ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தல்) முடிந்தோ வந்த புரொப்பெல்லர் முதல் சில மணி நேரம் லேசாகக் கசிவது இயல்பு. சீல்கள் உட்காரும், பொருத்தும்போது தடவிய கிரீஸ் வெளியே வீசப்படும். ஹார்ட்ஸெல் இதற்குத் தரும் அவகாசம் பத்து மணி நேரம். பத்தைத் தாண்டியும் நிற்காவிட்டாலோ, நெடுநாள் ஓடிய புரொப்பெல்லரில் புதிதாகத் தொடங்கினாலோ, மூலத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். ஓ-ரிங், கேஸ்கெட் போன்ற அபாயமற்ற பாகத்திலிருந்து கிரீஸ் கசிகிறது என்று உறுதியானால், பறக்கும் பாதுகாப்புக்குக் குறைவில்லாத பட்சத்தில், அடுத்த பராமரிப்பின்போது சரிசெய்யலாம்.

என்ஜின் ஆயில் புரொப்பெல்லரிலிருந்து வருகிறது, அல்லது சிவப்புச் சாயம் தெரிகிறது என்றால் விமானம் நிற்கட்டும். "சென்னை வரைக்கும்தானே, ஒன்றரை மணி நேரம், அங்கே போய்ச் சரிசெய்துகொள்ளலாம்" என்று ஒருவர் சொல்வார். காற்றுத்தகுதி குறைந்த விமானத்தைப் பறக்க வைக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் சிறப்பு அனுமதி வேண்டும், அதைப் பெறாமல் எழும்பினால் காப்பீடும் கைகொடுக்காது. விமானத்தை மதுரையிலேயே நிறுத்தி, புரொப்பெல்லரை மட்டும் அனுப்புவதே நேர்வழி.

6. கசிவு கிரீஸால் என்றால், போட்ட கையைப் பாருங்கள்

கிரீஸ் கசிவுகளில் கணிசமானவை சீல் தானாகப் போனதால் வருவதில்லை, கிரீஸ் போட்ட விதத்தால் வருகின்றன. ஹார்ட்ஸெல் காம்பாக்ட் வகையில் ஒவ்வொரு பிளேடுக்கும் இரண்டு நிப்பிள்கள் உண்டு. ஒன்றைக் கழற்ற வேண்டும். அந்தத் துளைக்குள் லாக்கிங் வயரை விட்டு இறுகிப்போன கிரீஸைக் கிளற வேண்டும். பிறகு மற்ற நிப்பிள் வழியாக, கையால் அழுத்தும் கிரீஸ் கன்னில் மெதுவாக ஏற்ற வேண்டும். கழற்றிய துளையில் கிரீஸ் எட்டிப் பார்த்ததும் நிறுத்த வேண்டும். எட்டிப் பார்க்காவிட்டாலும், ஒரு பிளேடுக்கு 30 மில்லிலிட்டரைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. உங்கள் கன் ஓர் அழுத்தலுக்கு எவ்வளவு தள்ளுகிறது என்பதை முன்கூட்டியே ஓர் அளவுக் குப்பியில் அழுத்திப் பார்த்து எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் 30 மில்லிலிட்டர் என்பது வெறும் பேச்சு.

எதிர் நிப்பிளைக் கழற்றாமல் ஏற்றினால் அழுத்தம் போக வழியில்லாமல் சீலைத் தள்ளும். லாரி ஷெட்டில் இருக்கும் காற்றழுத்தக் கிரீஸ் கன் இன்னும் மோசம். அதைத் தொடவே வேண்டாம்.

கிரீஸ் வகையைக் கலக்காதீர்கள். ஏரோஷெல் 6 போட்டதில் ஏரோஷெல் 5 ஏற்றக் கூடாது. எது உள்ளே இருக்கிறது என்பது புரொப்பெல்லரில் ஒட்டிய லேபிளிலோ லாக் புக்கிலோ இருக்கும். இரண்டிலும் இல்லாவிட்டால் ஊகிக்காமல் ஓவர்ஹால் செய்தவர்களிடம் கேளுங்கள். ஒவ்வொரு வகைக்கும் தனிக் கன், அதன் மேல் பெயர்.

இடைவெளி 100 மணி நேரம் அல்லது 12 மாதம், எது முதலில் வந்தாலும். ஆண்டுக்கு 100 மணி நேரத்துக்கும் மிகக் குறைவாகப் பறக்கும் விமானத்துக்கும், ஈரப்பதமும் உப்புக்காற்றும் மிகுந்த இடத்தில் இயங்கும் விமானத்துக்கும் அது ஆறு மாதமாகக் குறைகிறது. விமானம் மதுரையில் நின்றாலும், ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடலோரம் பறந்து திரும்புவதே வேலையென்றால் ஆறு மாதக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

7. கழற்றுவதற்கு முன் காகிதம்

நட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன் பின்வருவன கையில் இருக்கட்டும்.

புரொப்பெல்லர் லாக் புக். ஹப் மாடல், ஹப் வரிசை எண், ஒவ்வொரு பிளேடின் வரிசை எண், மொத்த மணி நேரம், கடைசி ஓவர்ஹாலிலிருந்து மணி நேரம், அந்த ஓவர்ஹால் தேதி, காற்றுத்தகுதி ஆணைகள் நிறைவேற்றிய பதிவு. லாக் புக்கை நம்பி எண்களைப் படியெடுக்காதீர்கள். டார்ச்சோடு போய் உலோகத்தில் பொறித்திருப்பதைப் படித்து ஒப்பிடுங்கள். எங்களுடையதில் ஒரு பிளேடின் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருந்தன, பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதியது. பழுதுநீக்கு நிலையம் அதைத் தெளிவுபடுத்தும் வரை பெட்டியைத் திறந்ததோடு நிறுத்திவிட்டது. அவர்கள் செய்தது சரிதான். பிளேடு எண் பொருந்தாத புரொப்பெல்லருக்கு யாரும் கையெழுத்திட மாட்டார்கள்.

கடைசி ஓவர்ஹாலின் விடுவிப்புச் சான்று. இந்தியாவில் சி.ஏ. படிவம் 1, அமெரிக்காவில் 8130-3, ஐரோப்பாவில் ஈ.ஏ.எஸ்.ஏ. படிவம் 1.

பழுது அறிக்கை. "ஆயில் கசிவு" என்று இரண்டு சொல்லில் எழுதாதீர்கள். எந்தப் பிளேடு, எந்த இணைப்பு, எத்தனை மணி நேரம் பறந்த பிறகு, ஆயில் அளவு எவ்வளவு குறைந்தது, பொடி தூவிப் பார்த்ததில் என்ன தெரிந்தது. படங்களையும் சேருங்கள். புரொப்பெல்லர் எதிலாவது மோதியதா, மின்னல் தாக்கியதா, வேக வரம்பு மீறியதா என்பதற்கும் நேர்மையான பதில் எழுதுங்கள். மறைத்தால் பிரிக்கும்போது தெரிந்துவிடும், நாளும் பணமும் கூடும்.

பழுதுநீக்கு நிலையத்தின் அங்கீகாரச் சான்று நகல். பராமரிப்பு நிலையங்களுக்கான சி.ஏ.ஆர்.-145 அங்கீகாரம் மட்டும் போதாது. அதன் கீழ் புரொப்பெல்லருக்கான சி16 தகுதியும், திறன் பட்டியலில் உங்கள் மாடலும் இருக்க வேண்டும். இதை அனுப்புவதற்கு முன் கேட்டு வாங்குங்கள்.

அனுப்புவதற்கு டெலிவரி சலான் மூன்று பிரதி, ஈ-வே பில் (சரக்குப் போக்குவரத்துக்கான மின்னணுச் சீட்டு). தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் மதிப்பைத் தாண்டினால் ஈ-வே பில் வேண்டும். வேலைக்காக வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் மதிப்பு எதுவானாலும் வேண்டும். சலானில் "விற்பனைக்கல்ல, பழுதுநீக்கத்துக்கு" என்று தெளிவாக எழுதி, வரிசை எண்களையும் குறிப்பிடுங்கள்.

இவற்றோடு, ஏப்ரனுக்குள் போக நுழைவுச் சீட்டும், உள்ளே கொண்டுபோகும் கருவிகளின் பட்டியலும். வாயிலில் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். காவலர் பட்டியலையும் பையையும் ஒப்பிட்டுத்தான் விடுவார். டார்க் (முறுக்கு விசை) ரெஞ்ச், லாக்கிங் வயர், பிளையர் என ஒவ்வொன்றையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். வெளியே வரும்போதும் அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். இது காவலருக்காக மட்டுமல்ல, கௌலிங்குக்குள் ஸ்பேனரை விட்டுவராமல் இருக்கவும்தான்.

8. கழற்றுதலும் பெட்டியும்

ஹப்பும் ஃபிளேஞ்சும் எந்த நிலையில் இணைந்திருந்தன என்று அடையாளமிட்டுப் படம் எடுங்கள். கீழே தட்டு வையுங்கள், ஷாஃப்ட்டுக்குள் நிற்கும் ஆயில் கொட்டும். இரண்டு பிளேடு உலோகப் புரொப்பெல்லர் 25 முதல் 30 கிலோ இருக்கும், மூன்று பிளேடு இன்னும் கூடுதல். ஒருவர் தாங்கிக்கொண்டு ஒருவர் நட்டைக் கழற்றுவது போதாது, மூன்று பேர் நில்லுங்கள். கழற்றியதும் ஷாஃப்ட் வாயைச் சுத்தமான மூடியால் அடையுங்கள். துணி திணிக்க வேண்டாம்.

இரண்டு பிளேடு புரொப்பெல்லருக்கு ஏழடி நீளப் பெட்டி வேண்டும். ஆயத்தமாகக் கடையில் கிடைக்காது. கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் இயந்திரங்களுக்குப் பெட்டி அடிப்பவர்களிடம் சொல்லிச் செய்யலாம், ஆனால் அளவு எழுதிக் கொடுங்கள். எடை ஹப்பில் தாங்க வேண்டும், பிளேடு நுனி எதையும் தொடக் கூடாது, ஆணி முனை உள்ளே நீட்டக் கூடாது. பெட்டி தயாரான பிறகே புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். கழற்றிவிட்டுப் பெட்டிக்குக் காத்திருந்தால், அது ஏதாவது ஒரு சுவரில் சாய்ந்து நிற்கும். சாய்ந்து நின்ற புரொப்பெல்லர் விழாமல் இருந்ததில்லை.

விமானத்தில் அனுப்புவதைவிட லாரியே வசதி. சென்னையோ பெங்களூரோ, மதுரையிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர் தூரம்தான். காப்பீடு செய்யுங்கள். புதுப் புரொப்பெல்லரின் இன்றைய விலையை மதிப்பாகப் போடுங்கள், பழைய கொள்முதல் விலையைப் போட வேண்டாம். கரைப்பான், டெவலப்பர் ஸ்ப்ரே போன்றவை அபாயப் பொருள் வகை. அவற்றைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பாதீர்கள்.

9. செலவும் நாளும்

ஃபிளேஞ்ச் ஓ-ரிங் என்றால் பொருளின் விலை சில நூறு ரூபாய், கூலி அரை நாள். ஆனால் மதுரை வெளி வீதிகளில் உள்ள பேரிங் கடைகளில் அதே அளவில் கிடைக்கும் ஓ-ரிங்கை வாங்கிப் போடாதீர்கள். பார்க்க ஒன்றாக இருக்கும், ரப்பர் வேறு. சரியான பாக எண்ணும் சான்றும் உள்ள ஓ-ரிங் வரும் வரை காத்திருங்கள். அதனால்தான் ஒன்றிரண்டை முன்கூட்டியே வாங்கி, காலாவதித் தேதி பார்த்து வைத்திருப்பது நல்லது.

பழுதுநீக்கு நிலையத்துக்குப் போனால், சீல் மட்டும் மாற்றுவதா, முழு ஓவர்ஹாலா என்று கேட்பார்கள். ஓவர்ஹால் லட்சக்கணக்கில் போகும். உங்கள் புரொப்பெல்லருக்கு நாள்காட்டி வரம்பு உண்டு. பல ஹார்ட்ஸெல் மாடல்களுக்கு ஐந்து அல்லது ஆறு ஆண்டு, பறந்தாலும் பறக்காவிட்டாலும். அந்த வரம்புக்கு ஓராண்டுக்குள் இருந்தால் சீல் மட்டும் மாற்றாதீர்கள். அதே பெட்டி, அதே லாரி, அதே காத்திருப்பை அடுத்த ஆண்டு மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

விலைப்புள்ளி வாங்கும்போது எழுத்தில் கேட்க வேண்டியவை: பிரித்துப் பார்க்கும் கட்டணம் தனியா, பழுதுநீக்க வேண்டாம் என்று நாம் சொன்னாலும் அதைக் கட்ட வேண்டுமா, கட்டாயம் மாற்ற வேண்டிய பாகங்கள் எவை, பிளேடு தேய்மான வரம்பைத் தாண்டியிருந்தால் வேலை தொடங்கும் முன் சொல்வார்களா. கடைசிக் கேள்விதான் முக்கியம். வரம்பு தாண்டிய பிளேடு ஒன்று மொத்தக் கணக்கையும் புரட்டிவிடும்.

விமானப் பராமரிப்புச் சேவைக்கான ஜி.எஸ்.டி. 2020 ஏப்ரலில் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இறக்குமதியாகும் விமானப் பாகங்களுக்கு 2024 ஜூலை 15 முதல், நிபந்தனைகளுடன், ஒரே சீராக 5 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. விலைப்புள்ளியில் 18 என்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

நாள் கணக்கு: நிலையம் இரண்டு வாரம் என்றால் நீங்கள் ஒன்றரை மாதம் என்று உரிமையாளரிடம் சொல்லுங்கள். சீல் கிட் கையிருப்பில் இல்லாவிட்டால் அதற்கும் மேல். என்ஜின் 30 நாளுக்கு மேல் ஓடாமல் நிற்குமென்றால் அதற்கான பாதுகாப்பு முறைகள் என்ஜின் கையேட்டில் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதை விட்டுவிட்டால், புரொப்பெல்லர் புதிதாக வரும், என்ஜின் சிலிண்டர் துருப்பிடித்திருக்கும்.

10. வெளிநாட்டுக்கு அனுப்ப நேர்ந்தால்

தவிர்க்க முடியாவிட்டால் மட்டுமே. இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடு எண் வேண்டும், கட்டணம் 500 ரூபாய். மரப்பெட்டி என்றால் ஐ.எஸ்.பி.எம்.-15 முறைப்படி வெப்பமூட்டி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும், ஒட்டுப்பலகைக்கு இந்த நிபந்தனை இல்லை. போகும்போதே ஷிப்பிங் பில்லில் (சுங்கத்துறைக்கான ஏற்றுமதி ஆவணம்) வரிசை எண்களைப் பதியுங்கள். அந்த எண்களைக் காட்டித்தான் திரும்பி வரும்போது, முழு மதிப்புக்கு அல்லாமல் பழுதுநீக்கச் செலவு, காப்பீடு, போக்குவரத்து ஆகியவற்றுக்கு மட்டும் தீர்வை கட்ட முடியும். எண் பதியாமல் அனுப்பினால் புதுப் பொருளுக்குரிய தீர்வை கேட்பார்கள்.

11. திரும்பி வந்ததும்

லாரிக்காரர் இருக்கும்போதே பெட்டியைத் திறந்து படம் எடுங்கள். அடி பட்டிருந்தால் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், மறுநாள் சொன்னால் காப்பீடு ஏற்காது.

சி.ஏ. படிவம் 1-ஐ வரி வரியாகப் படியுங்கள். வரிசை எண்கள் பொருந்துகின்றனவா, 11-ஆம் கட்டத்தில் நாம் கேட்ட வேலைதான் எழுதியிருக்கிறதா, 12-ஆம் கட்டத்தில் எந்தக் கையேடு, எந்தத் திருத்தம், எந்தக் காற்றுத்தகுதி ஆணைகள் என்று இருக்கிறதா. எந்தக் கிரீஸ் போட்டார்கள் என்பதையும் கேட்டு லாக் புக்கில் ஏற்றுங்கள். படிவத்தில் பிழை இருந்தால் மாட்டுவதற்கு முன்பே திருத்தி வாங்க வேண்டும்.

மாட்டும்போது புது ஓ-ரிங், போட்ட அடையாளத்தின்படியே நிலை, கையேடு சொல்லும் டார்க், பிறகு லாக்கிங் வயர். பிளேடு நுனிகள் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். முடிந்தால் ஓடும் நிலையில் சமநிலைச் சோதனையும் செய்யுங்கள். அதிர்வு விநாடிக்கு 0.2 அங்குலத்துக்குள் வர வேண்டும். அதிர்வு குறைந்தால் சீல்களும் நீண்ட நாள் தாங்கும். இதற்கான கருவி வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கும், புரொப்பெல்லர் லாரியில் ஏறும் நாளிலேயே அவர்களிடம் தேதி பேசிவிடுங்கள்.

முதல் ஓட்டம் முடிந்ததும் ஸ்பின்னரைக் கழற்றிப் பாருங்கள். முதல் பறப்பு முடிந்ததும் பாருங்கள். அதன்பின் பத்து மணி நேரம் ஆகும் வரை ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் பிளேடு அடியைத் துடைத்து, துணியில் என்ன வந்தது, ஆயில் எவ்வளவு குறைந்தது என்று தேதியோடு எழுதுங்கள். பத்து மணி நேரத்துக்குப் பிறகும் கசிந்தால், உத்தரவாதத்தில் திருப்பி அனுப்ப அந்தப் பதிவேடுதான் உங்கள் ஆதாரம். பெட்டியை உத்தரவாதக் காலம் முடியும் வரை உடைக்காமல் வைத்திருங்கள்.